குறிப்புப் பெட்டியை மூடிய பிறகு: ஒரு கல்வெட்டுப் பக்கம் கற்றுத் தந்தவை

வேங்கட மலையைத் தமிழ் வழங்கிய நிலத்தின் வட எல்லையாகச் சொல்வது பழைய மரபு. அந்த எல்லையின் மேலேயே குடியிருப்பவர்கள் நாம். 1911ல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953ல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. 2022ல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. கோடுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். இதனால் வந்த சங்கடம் ஒன்று நம்மில் பல வீடுகளில் உண்டு. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்தைக் காட்டினால் முழிப்பார்கள். தெலுங்கும் இங்கிலீஷும் பள்ளிக்கூடத்துக்கு, தமிழ் அம்மாவோடு சண்டை போடுவதற்கு என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் கும்பிடப் போகிற கோயில் சுவர்களில் என்ன மொழி இருக்கிறது? திருமலை, கீழ்த்திருப்பதி, திருச்சானூர் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ். தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ளவை சிலவே. திருமலை திருப்பதி தேவஸ்தானம் சாது சுப்பிரமணிய சாஸ்திரியாரைக் கொண்டு இவற்றை ஆராய்ந்து 1930களில் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியது. காடவன் பெருந்தேவி என்று பெயர் பெற்ற சாமவை, போக சீனிவாசர் என்று நாம் இன்று வணங்கும் வெள்ளித் திருமேனியைச் செய்து கொடுத்து, ஆபரணங்களும் நிலமும் அளித்த செய்தி அவற்றில் ஒன்று. கி.பி. 966ஐ ஒட்டிய காலம் என்று பொதுவாகக் கொள்வார்கள். ஒரு பெண்மணி கொடுத்த கொடை, அதுவும் தமிழில், ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. வரிசையில் நிற்கும் நம் பிள்ளைக்கு அது வெறும் கீறல்.

இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எண்ணி, நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே படிக்கும்படி ஒரு சிறு வலைப்பக்கம் செய்தேன். கல்வெட்டுப் பாடம் மேலே இருக்கும். புரியாத சொல்லைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி விரியும். அதில் அந்தச் சொல்லின் பொருள் தமிழிலும் தெலுங்கு எழுத்திலும் இருக்கும். பெட்டிக்கு வெளியே தொட்டால் மூடிக்கொள்ளும். செய்வதற்கு எளிது என்று நினைத்தேன். பெட்டியைத் திறப்பது எளிதுதான். மூடுவதில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையையும் அதிலிருந்து தெரிந்துகொண்டதையும் எழுதினால், நம் குடும்பங்களில் சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும், கணினி பக்கமே போகாத பெரியவர்களுக்கும் சேர்த்துப் பயன்படும் என்று தோன்றியது.

பெட்டி என்பது என்ன?

கணினிக்காரர்கள் இதை டூல்டிப் என்பார்கள். திரையில் ஒரு படத்தின் மேலோ சொல்லின் மேலோ சுட்டியைக் கொண்டுபோனால் துளி விளக்கம் தோன்றி, நகர்த்தினால் மறைகிறதே, அதுதான். 1991ல் ஆப்பிள் கம்பெனியின் கணினிகளில் பலூன் வடிவத்தில் இப்படிப்பட்ட உதவிக் குறிப்புகள் வந்தன. பிறகு விண்டோஸில் பரவி எல்லோருக்கும் பழக்கமாயிற்று.

நமக்கு இது புதிதே அல்ல. சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை என்று ஒரு பழைய உரை உண்டு. 1892ல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபோது அதையும் அடியார்க்குநல்லார் உரையையும் சேர்த்தே வெளியிட்டார். அரிய சொல்லுக்கு மட்டும் பொருள் சொல்லிவிட்டு, மூலத்தை மூலமாகவே விட்டுவிடுவது அரும்பதவுரையின் முறை. டூல்டிப் செய்ய வேண்டிய வேலையும் அதுதான். ‘கழஞ்சு’ என்ற சொல்லைத் தொட்டால், ‘பொன் நிறுக்கும் எடை, இருபது மஞ்சாடி கொண்டது’ என்று வர வேண்டும். ‘நந்தாவிளக்கு’ என்றால் அணையாமல் எரியும் விளக்கு. ‘பொலியூட்டு’ என்றால் முதல் அழியாமல் வட்டி கொண்டு நடத்தும் தருமம். சொல்லிவிட்டுப் பெட்டி போய்விட வேண்டும். மூலம் இருந்தபடியே இருக்க வேண்டும்.

நான் செய்த தவறு, பெட்டியோடு நிற்காததுதான். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று, தொட்ட சொல்லுக்கு மஞ்சள் பூசினேன். அந்தச் சொல் எடுத்துத் தெரியட்டும் என்று மற்ற சொற்களையெல்லாம் சாம்பல் நிறத்தில் மங்க வைத்தேன். பெட்டி திறந்திருக்கும்போது பக்கம் நகராதபடி பூட்டியும் வைத்தேன். தெலுங்கு எழுத்தின் ஒத்துகள் அடியில் வெட்டுப்பட்டன என்பதற்காக வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினேன். ஆக ஒரு சொல்லைத் தொட்டதற்கு நாலு இடத்தில் பக்கம் மாறியது. பெட்டி மூடும்போது இந்த நாலும் பழையபடி ஆக வேண்டும் அல்லவா?

நோட்டில் ஏறிய பிழை

கல்வெட்டுப் பதிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்லில் சிதைந்தோ ஐயத்துக்கு இடமாகவோ உள்ள எழுத்துகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். பதிப்பாசிரியர் தாமே நிரப்பியதற்கு உடுக்குறி சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அடைப்புக்குறி குழப்பும் என்று, சிதைந்த எழுத்துகளை நான் சாம்பல் நிறத்தில் காட்டினேன். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ போன்று கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டவற்றைத் தடித்த எழுத்தில் வைத்தேன். (கிரந்த எழுத்துகள் 2014ல்தான் யூனிகோடில் தனி இடம் பெற்றன. எல்லாக் கைப்பேசியிலும் அதற்கு எழுத்துரு இருக்கும் என்று நம்ப முடியாததால், தமிழ் எழுத்திலேயே தடிப்பாக்கினேன்.)

இதில் உள்ள அபாயத்தை வாசகர்கள் இந்நேரம் ஊகித்திருப்பார்கள். என் பக்கத்தில் சாம்பல் நிறத்துக்கு இரண்டு அர்த்தம் ஆகிவிட்டது. ஒன்று, ‘கல்லில் சிதைந்தது’. இன்னொன்று, ‘இப்போது வேறு சொல்லுக்குப் பெட்டி திறந்திருக்கிறது’. பெட்டி சரியாக மூடிப் பக்கம் பழைய நிலைக்கு வந்தால் பிரச்சினை இல்லை. வரவில்லை.

கைப்பேசி இல்லாதவர்களுக்காகச் சில தாள்கள் அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் என்னிடம் கேட்டார்: “தம்பி, நாலாவது வரி முழுக்கவே கல்லுல போயிடுச்சா? மூணாவது வரி மட்டும் எப்படிப்பா இவ்வளவு தெளிவா நிக்குது?”

பார்த்தேன். நாலாவது வரியில் ஒரு எழுத்தும் சிதையவில்லை. அச்செடுப்பதற்கு முன் நான் ஏதோ ஒரு சொல்லைத் தொட்டுவிட்டு, பக்கத்தை உருட்டியிருக்கிறேன். பெட்டி மறைந்துவிட்டது, மங்கல் மறையவில்லை. அந்த மங்கல் தாளில் ஏறி, தாளிலிருந்து ஐயாவின் நோட்டில் ‘சிதைவு’ என்று ஏறிவிட்டது.

“இல்லீங்க ஐயா, அது கல்லுல நல்லா இருக்குது, என் பக்கத்துலதான் சிதைஞ்சு போச்சு” என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து மற்ற வரிகளையும் சரிபார்த்தபோது இதற்கு நேர்மாறான தவறும் தென்பட்டது. உண்மையாகவே சிதைந்த எழுத்துகள் இரண்டு, நல்ல கறுப்பில் முழுசாக நின்றன. மங்கல் தங்கினால் யாராவது கேட்பார்கள். சிதைவு மறைந்து போனால் யார் கேட்பார்கள்? அது இன்னும் மோசமான பிழை.

எங்கே தவறியது?

இதைப் புரிந்துகொள்ள, வலைப்பக்கத்தில் ஒரு எழுத்துக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 1994ல் ஹோகோன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் சிஎஸ்எஸ் என்ற முறையை முன்வைத்தார். 1996ல் அது வலைத் தரமாக ஏற்கப்பட்டது. பக்கத்தில் உள்ள விஷயம் ஒரு இடத்திலும், அதன் நிறம், பருமன், இடைவெளி முதலான அலங்காரம் ஸ்டைல்ஷீட் என்ற இன்னொரு இடத்திலும் இருக்கட்டும் என்பது அதன் அடிப்படை. ‘கிரந்தம் என்று பெயரிட்டவை எல்லாம் தடிப்பாக’ என்று ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரி எழுதினால் பக்கம் முழுக்க அது செல்லும். இதைத் தவிர, ஒவ்வொரு சொல்லின் மேலேயே நேரடியாகவும் நிறத்தை எழுதி வைக்கலாம். அப்படி நேரடியாக எழுதியது, சாதாரணமாக, ஸ்டைல்ஷீட்டில் சொன்னதை மீறி நிற்கும். பொது உத்தரவு தாசில்தார் ஆபீசில் இருந்தாலும் வாசலில் ஒட்டிய நோட்டீசுக்கு மதிப்பு அதிகம் என்கிற மாதிரி.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒரு சொல்லின் ஸ்டைலை மாற்றும்போது வாசலில் நோட்டீசு ஒட்டும் வேலையைத்தான் செய்கிறது. என் நிரல் பெட்டியைத் திறக்கும்போது எல்லாச் சொற்களின் மேலும் ‘சாம்பல்’ என்று ஒட்டியது. மூடும்போது எல்லாவற்றின் மேலும் ‘கறுப்பு, சாதாரணப் பருமன்’ என்று ஒட்டியது. பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்தேன். பழைய நிலை எல்லாச் சொல்லுக்கும் கறுப்பா? சிதைந்த எழுத்துக்குப் பழைய நிலை சாம்பல். கிரந்தத்துக்குப் பழைய நிலை தடிப்பு. நான் செய்தது சுவருக்கு வெள்ளை அடித்த வேலை.

சரி, ‘கறுப்பு’ என்று எழுதாமல் வெறுமையாக விட்டால்? அது கொஞ்சம் நல்ல வழி. வெறுமையாக விட்டால் ஒட்டிய நோட்டீசு கிழிந்து, ஸ்டைல்ஷீட்டின் பொது உத்தரவு மறுபடி செல்லும். கிரந்தம் தடிப்பாகிவிடும். ஆனால் சிதைந்த எழுத்துகளின் சாம்பலை நான் அவசரத்தில் ஒவ்வொரு எழுத்தின் மேலும் நேரடியாகவே எழுதியிருந்தேன். என் நோட்டீசோடு அந்தப் பழைய நோட்டீசும் கிழிந்துபோயிற்று. துடைப்பது வேறு, திருப்பித் தருவது வேறு என்று அப்போதுதான் உறைத்தது.

பழங்கற்படி

இந்த இடத்தில் கணினியை விட்டுவிட்டுக் கொஞ்சம் கும்பகோணம் பக்கம் போய் வரலாம். அங்கே காவிரியின் வடகரையில் திருக்கோடிகாவல் என்று ஓர் ஊர். செங்கல்லாக இருந்த கோயிலைச் செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் கருங்கல்லில் எடுப்பித்தார். பழைய இடத்தில் இருந்த கல்வெட்டுகள் என்ன ஆவது? அம்மையார் அவற்றைப் படியெடுத்து, புதிய சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். வெட்டியதோடு, ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறிப்பும் போட்டார்கள். அதாவது, இது புதிதாக எழுதியது அல்ல, பழைய கல்லில் இருந்ததன் நகல். நம் திருமலையிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வீரநரசிங்க யாதவராயர் காலத் திருப்பணியின்போது பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய பொறுப்புணர்ச்சி! சுவரைப் பிரிப்பதற்கு முன்னால் படி எடுத்து வைத்தார்கள் என்பதுதான் முக்கியம்.

நானும் அதையே செய்தேன். பெட்டி திறக்குமுன் ஒவ்வொரு சொல்லின் பழைய ஸ்டைலையும் படியெடுத்து வைத்துக்கொள்வது, மூடும்போது அதைத் திரும்ப எழுதுவது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ஒரு பெண் குழந்தை ‘கழஞ்சு’ என்பதைத் தொட்டு, பெட்டியை மூடாமலே ‘திருவமுது’ என்பதைத் தொட்டாள். நிரல் என்ன செய்தது? இரண்டாம் முறை திறப்பதற்கு முன் ‘பழைய நிலை’யைப் படியெடுத்தது. அந்த நேரத்தில் பக்கம் ஏற்கெனவே மங்கியிருக்கிறதே! மங்கலையே மூலம் என்று படியெடுத்துவிட்டது. மூடியபோது மிகுந்த விசுவாசத்தோடு அந்த மங்கலைத் திருப்பி எழுதியது. முன்பு மங்கல் தற்செயலாகத் தங்கியது. இப்போது நிரலே அதைப் பழங்கற்படி என்று முத்திரை குத்தித் தந்தது.

படியெடுப்பதில் இன்னொரு கண்ணியும் உண்டு. உலாவியிடம் ‘இந்தச் சொல் இப்போது என்ன நிறத்தில் தெரிகிறது?’ என்று கேட்டால், எல்லா உத்தரவுகளையும் கூட்டிக் கழித்து வந்த இறுதி விடையைச் சொல்லும். பலர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, மூடும்போது சொல்லின் மேல் எழுதிவிடுகிறார்கள். அதுவரை ஸ்டைல்ஷீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த நிறம் அப்போதே உறைந்துபோகும். இரவில் கைப்பேசியைக் கறுப்புத் திரைக்கு மாற்றினால் பின்புறம் கறுப்பாகும், எழுத்தும் கறுப்பாகவே நிற்கும். ஒன்றும் தெரியாது. படியெடுக்கத்தான் வேண்டும் என்றால், சொல்லின் மேல் நேரடியாக என்ன எழுதியிருந்தது என்பதைத்தான் எடுக்க வேண்டும். ஒன்றுமே எழுதவில்லை என்றால், ‘ஒன்றுமில்லை’ என்பதையே படியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் வெட்டிய பாத்திரம்

கடைசியில் என் அக்கா மகன், பெங்களூரில் இதே தொழிலில் இருப்பவன், விடுமுறைக்கு வந்தபோது பார்த்துவிட்டு ஒரே வாக்கியம் சொன்னான்: “மாமா, நீங்க எதுக்கு சொல்லோட ஸ்டைல்லயே கை வைக்கிறீங்க?”

அவன் சொன்ன வழி இதுதான். எந்தச் சொல்லின் நிறத்தையும் நிரல் தொடக்கூடாது. தொட்ட சொல்லுக்கு ‘தேர்ந்தது’ என்று ஒரு வகைப்பெயரை மட்டும் சூட்ட வேண்டும். கணினி மொழியில் கிளாஸ் என்பார்கள். பாடம் முழுவதையும் சுற்றியுள்ள பகுதிக்கு ‘பெட்டி திறந்துள்ளது’ என்று ஒரு வகைப்பெயர். மஞ்சள் என்ன, மங்கல் எவ்வளவு, வரி இடைவெளி எத்தனை என்பதெல்லாம் ஸ்டைல்ஷீட்டில் அந்தப் பெயர்களின் கீழ் இருக்கட்டும். மூடும்போது இரண்டு பெயர்களையும் எடுத்துவிட்டால் போதும். சாம்பல் சாம்பலாகவும் தடிப்பு தடிப்பாகவும் தாமே நிற்கும், ஏனென்றால் அவற்றை யாரும் தொடவே இல்லை. படியெடுக்கவும் வேண்டாம், திருப்பி எழுதவும் வேண்டாம். மங்க வைப்பதற்கும் எழுத்தின் நிறத்தை மாற்றாமல், ஒளி ஊடுருவும் அளவை மட்டும் குறைக்கச் சொன்னான். அப்போது சிதைந்த எழுத்து மற்றவற்றைவிட இன்னும் மங்கலாகத் தெரியும், வித்தியாசம் கெடாது.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் அண்டாவும் குண்டானும் நாலு வீட்டில் இரவல் வாங்குவோம். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பதால்தான் முகூர்த்தம் முடிந்த மறுநாள் ஒன்றும் தவறாமல் திருப்பிக் கொடுக்க முடிகிறது. யாரிடம் எதை வாங்கினோம் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெயரைப் பார்த்தால் போதும். வகைப்பெயரிலும் அதே வசதி. மூடும்போது நிரல், ‘கடைசியாகத் தொட்ட சொல் எது?’ என்று நினைவைத் தேடக்கூடாது. பக்கம் முழுக்கப் பார்த்து, ‘தேர்ந்தது’ என்ற பெயர் எங்கே இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். அந்தக் குழந்தை பத்துச் சொல்லைத் தொட்டாலும் பத்தும் சுத்தமாகும்.

ஆனால் மூடுவதற்கு எத்தனை வழி என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். பெருக்கல் குறியைத் தொடலாம். வெளியே தொடலாம். இன்னொரு சொல்லைத் தொடலாம். கணினியில் எஸ்கேப் விசையை அழுத்தலாம். கைப்பேசியில் பின்னால் போகும் பொத்தானை அழுத்தலாம். பக்கத்தை உருட்டலாம். கைப்பேசியைப் படுக்கை வாட்டில் திருப்பலாம். என் முதல் நிரலில் பெருக்கல் குறிக்கு மட்டும்தான் திருப்பும் வேலையை எழுதியிருந்தேன். மற்ற வழிகள் பெட்டியை மட்டும் மறைத்தன. ஐயாவின் நாலாவது வரி போனது இப்படித்தான். எத்தனை வழியாக வந்தாலும் ‘மூடு’ என்ற ஒரே செயல்கூற்றின் வழியாகத்தான் பெட்டி மறைய வேண்டும், அதற்குள்தான் பெயர் எடுக்கும் வேலை இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்வாசல் நாலு இருந்தால் பூட்டு ஒன்று போதாது.

பெட்டி மெதுவாகக் கரைந்து மறைவது அழகுதான். ஆனால் கரைந்து முடிந்த பிறகு பக்கத்தைச் சரிசெய்யலாம் என்று காத்திருந்தால் வினை. அந்த அரை நொடிக்குள் பிள்ளை அடுத்த சொல்லைத் தொட்டுவிடும். முதல் பெட்டியின் முடிவுச் செய்தி தாமதமாக வந்து, இரண்டாவது சொல்லின் மஞ்சளைத் துடைத்துவிடும். சிலர் கண் கூசும் என்பதற்காக அசைவுகளைக் குறைக்கும்படி கைப்பேசியில் அமைத்திருப்பார்கள். அவர்களுக்காக அசைவை நிறுத்திவிட்டால் கரையும் அசைவே நடக்காது, முடிவுச் செய்தியும் வராது, பக்கம் மங்கலாகவே கிடக்கும். முதலில் பக்கத்தைச் சரிசெய்துவிட வேண்டும். பெட்டி தன் பாட்டுக்குக் கரையட்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஸ்டைல்கள்

நிறம் தங்கினால் தெரியும். வேறு சில தங்கினால் காரணமே புரியாது. பெட்டி திறந்திருக்கும்போது பக்கம் உருளாதபடி பூட்டினேன் என்றேன் அல்லவா? அந்தப் பூட்டு திறக்காமல் போனதால், “பேஜ் நகரவே மாட்டேங்குது அங்கிள், போன் ஹேங் ஆயிடுச்சு” என்று ஒரு பையன் கைப்பேசியை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கூட்டிய வரி இடைவெளி குறையாததால் ஒரு தாளில் அடங்க வேண்டிய பாடம் இரண்டாம் தாளுக்கு ஓடியது. கல்வெட்டில் வரி எண் முக்கியம். வரி உடைந்து போனால் எண்ணிக்கை கெடும்.

பார்வை இல்லாதவர்கள் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளால் பக்கத்தைக் கேட்பார்கள். அவர்களுக்காக, பெட்டி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஒரு குறிப்பும் சொல்லோடு சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். பெட்டியை மூடிவிட்டு அந்தக் குறிப்பை ‘திறந்துள்ளது’ என்றே விட்டால், அவர்களுக்குப் பக்கம் பொய் சொல்கிறது. கண்ணால் பார்க்கிற நமக்கு இந்தப் பிழை ஒருநாளும் தெரியாது. ஆகவே அதையும் அந்த ‘மூடு’ செயல்கூற்றுக்குள்ளேயே சேர்த்தேன். 2018ல் வெளியான வலை அணுகல் வழிகாட்டுதலின் 2.1 பதிப்பில் இந்தச் சின்னப் பெட்டிகளுக்கென்றே ஒரு விதி உண்டு. சுட்டியை நகர்த்தாமலே பெட்டியை மூட வழி வேண்டும். பெட்டியின் மேலேயே சுட்டியைக் கொண்டுபோனால் அது மறையக்கூடாது. பயனர் போகச் சொல்லும் வரை அது நிற்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் நம் வீட்டுப் பாட்டிமாருக்கு இந்த மூன்றும் எவ்வளவு அவசியம் என்று பார்த்தால்தான் தெரியும்.

இப்போது உலாவிகளே இந்த வேலையில் பாதியை ஏற்றுக்கொண்டுவிட்டன. பாப்ஓவர் என்ற வசதி 2024க்குள் முக்கிய உலாவிகளுக்கெல்லாம் வந்துவிட்டது. வெளியே தொட்டாலும் எஸ்கேப் அழுத்தினாலும் உலாவியே பெட்டியை மூடி, ‘நிலை மாறியது’ என்று ஒரே மாதிரிச் செய்தி அனுப்பும். அந்த ஒரு செய்தியில் நம் வேலையைக் கட்டிவிடலாம். இன்னொரு வசதி அதைவிட எனக்குப் பிடித்தது. ‘உள்ளே திறந்த பெட்டி ஒன்று இருக்குமானால் மற்ற சொற்கள் மங்கட்டும்’ என்று ஸ்டைல்ஷீட்டிலேயே நிபந்தனை எழுதலாம். 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் இதை ஏற்றபின் எல்லா முக்கிய உலாவிகளிலும் செல்லுகிறது. பெட்டி போனால் நிபந்தனை போகும், நிபந்தனை போனால் மங்கல் போகும். திருப்பும் வேலையே இல்லை. பழைய கைப்பேசி வைத்திருப்பவர்கள் நம்மில் பலர் என்பதால் நான் வகைப்பெயர் முறையையே இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் இதைப் பயன்படுத்தலாம்.

அச்செடுக்கும்போது மட்டும் செல்லுகிற ஸ்டைல் பகுதி ஒன்றையும் தனியாகச் சேர்த்துவிட்டேன். பெட்டி திறந்தே இருந்தாலும் தாளில் மஞ்சளும் மங்கலும் வராது. சிதைந்த எழுத்துகளைச் சாம்பலில் காட்டும் என் சொந்தக் கெட்டிக்காரத்தனத்தையும் கைவிட்டேன். பதிப்பாசிரியர்கள் காலங்காலமாகப் போட்டு வரும் சதுர அடைப்புக்குறியே மறுபடி வந்துவிட்டது. அது எழுத்தாகவே இருப்பதால் எந்த ஸ்டைலும் அதை அழிக்க முடியாது. இதை முதலிலேயே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சோதிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன், கணினி தெரியாதவர்களும் செய்யலாம். ஒன்றையும் தொடாமல் பக்கத்தை முதலில் திரைப்படம் பிடித்துக்கொள்ளுங்கள், அதாவது ஸ்கிரீன்ஷாட். பிறகு ஒரு பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்து ஐந்து நிமிஷம் இஷ்டத்துக்குத் தொட விடுங்கள். திருப்பட்டும், உருட்டட்டும், பாதியில் அழைப்பு வரட்டும். எல்லாப் பெட்டியும் மூடிய பின் பக்கத்தின் தலைப்புக்குப் போய் இன்னொரு படம். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு புள்ளி நகர்ந்தாலும் கண்ணுக்குத் துள்ளித் தெரியும். இந்தச் சோதனைக்குப் பெரியவர்களைவிட ஏழு வயதுப் பிள்ளைகள் பொருத்தம். அவர்கள் மூடாமல்தான் அடுத்ததைத் திறப்பார்கள்.

புதிய தாளை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். நோட்டைத் திறந்து, நாலாவது வரிக்கு எதிரே இருந்த ‘சிதைவு’ என்பதைக் கோடு போட்டு அடித்தார். பிறகு அந்த இரண்டு எழுத்துகளைச் சுற்றி, அளவுகோலை வைத்து நிதானமாக அடைப்புக்குறி போட்டார். “மத்த தாளெல்லாம் யார் யார் கிட்ட இருக்குது தம்பி?” என்று கேட்டார். பதினோரு வீடு. பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வந்துவிட்டன.